ஆறு பெருகியது ஏன்?

1939 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சீடர்பர்க் என்ற சிற்றூரில், நொடித்துப்போன தொழிற்சாலை ஒன்றை கார்ல் கீக்கேஃபர் விலைக்கு வாங்கினார். பால் பண்ணைகளுக்கான காந்தப் பிரிப்பான்கள் செய்வதுதான் அவர் திட்டம். ஆனால், கட்டடத்தோடு படகில் பொருத்தும் சுமார் 300 அவுட்போர்டு மோட்டார்களும் அவர் தலையில் விழுந்தன. மாண்ட்கோமரி வார்டு என்ற அஞ்சல்வழி வணிக நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு, ஒழுங்காக ஓடாததால் தேங்கிப்போனவை அவை. கீக்கேஃபர் அவற்றின் குறைகளைத் தேடித் திருத்தி ஓட வைத்தார். மாண்ட்கோமரி வார்டு இன்னும் வேண்டும் என்றது. படகுப் பந்தயங்களில் பின்னாளில் கொடிகட்டிப் பறந்த மெர்க்குரி மோட்டார்களின் கதை இப்படித்தான் தொடங்கியது.

ஓடாத மோட்டாரின் முன் நிற்பவர் முன்னால் ஒரு பழைய தத்துவக் கேள்வியும் நிற்கிறது. கண்டதை வைத்துக் காணாததை அறிய முடியுமா? காரணம் உலோகத்துக்குள் இருக்கிறது. வெளியே தெரிவது புகை, சத்தம், குறைந்த வேகம். அறியும் வழிகளாகக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைச் சொல்கிறது சைவ சித்தாந்தம். மெக்கானிக் நம்பியிருப்பது நடுவில் உள்ள கருதலை, அதாவது அனுமானத்தை. அதுவே செல்லாது, காண்டல் ஒன்றே போதும் என்றார்கள் சார்வாகர்கள்.

கௌதமரின் நியாய சூத்திரம் இந்த எதிர்ப்பை மறைக்காமல் எடுத்து வைக்கிறது. ஆறு பெருகினால் மேலே மழை பெய்திருக்கிறது என்கிறோம். தண்ணீரை மறித்தாலும் ஆறு பெருகுமே? எறும்புகள் முட்டை சுமந்து போனால் மழை வரும் என்கிறோம். புற்று இடிந்தாலும் அவை முட்டை சுமக்குமே? நியாயம் சொல்லும் பதில் அழகானது: தவறியது அனுமானம் அல்ல, அனுமானம் போலத் தோன்றிய வேறொன்று. மழையால் பெருகிய ஆற்றில் வேகம் இருக்கும், நுரை இருக்கும், பழமும் இலையும் கட்டையும் மிதந்து வரும் என்று விளக்குகிறார் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். இவற்றையெல்லாம் பார்க்காமல் பெருக்கத்தை மட்டும் பார்த்தவரிடம்தான் பிழை.

பந்தயக்காரர்களுக்கு இந்தப் பிழை நன்றாகவே தெரியும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனையில் உள்ள பீங்கான் வெளுத்திருக்கிறது. பெட்ரோல் போதவில்லை என்று முடிவுகட்டி, கார்புரேட்டரில் பெரிய ஜெட்டைப் போடுகிறார் ஒருவர். மோட்டார் சற்றுத் தேறுகிறது. ஆனால் உண்மையான குற்றவாளி தேய்ந்துபோன கிராங்க் சீலாகவும் இருக்கலாம். அதன் வழியே காற்று உள்ளே நுழைந்து கலவையை மெலிய வைக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் முழு வேகத்தில் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். கிராங்க்கேஸின் வாய்களை அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, சீலைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாகக் கிளம்பும். வாத்ஸ்யாயனர் தேடச் சொன்ன நுரை இதுதான்.

எப்போது பார்க்கிறோம் என்பதும் முக்கியம். முழு வேகத்தில் ஓடிய படகை மெதுவாகக் கரைக்குக் கொண்டுவந்து பிளக்கைக் கழற்றினால், மெதுவாக வந்த அந்த நேரத்தின் கறைதான் மேலே படிந்திருக்கும். அதனால் முழு வேகத்தில் இருக்கும்போதே இக்னிஷனை அணைத்து, அங்கேயே மிதந்தபடி பிளக்கைப் பார்ப்பார்கள்.

இரண்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் மிஸ் ஆனால் சோதனை இன்னும் தெளிவு. இரண்டின் இக்னிஷன் காயில்களையும் இடம் மாற்றுகிறார்கள். கோளாறு காயிலோடு சேர்ந்து அடுத்த சிலிண்டருக்குப் போனால் குற்றவாளி காயில். போகாவிட்டால் தேடல் தொடர்கிறது.

இதே கருதலைக் கொண்டுதான் இறைவனைப் பற்றியும் வாதிட்டார்கள். குடத்துக்குக் குயவன்போல உலகத்துக்கும் ஒரு கர்த்தா வேண்டும் என்பது நியாயத்தைப் பின்பற்றும் நையாயிகர் வாதம். உலகத்துக்குக் காரணமான ஒருவனை நிறுவுவதில்தான் மெய்கண்டாரின் சிவஞானபோதமும் தொடங்குகிறது. பௌத்தரான தர்மகீர்த்தி மறுத்தார்: மண்ணால் ஆனது என்பதற்காகப் புற்றையும் குயவன் செய்ததாகச் சொல்லலாமா? பிளக் வெளுத்திருப்பதை மட்டும் பார்த்து ஜெட்டை மாற்றாதே என்று தடுக்கும் குரலும் இதே வகைதான்.

தர்மகீர்த்தியின் எச்சரிக்கை நியாயமானது. அதற்காகக் கருதலையே கைவிட வேண்டியதில்லை. இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும், அவ்வளவே. ஆனால் மோட்டாரில் காயிலை மாற்றிப் பார்க்கலாம். உலகத்துக்கு அருகில் வைத்துப் பார்க்க இன்னொரு உலகம் கிடையாது. நுரையைத் தேட எந்தக் கரைக்குப் போவது? கருதல் எட்டாத அந்த இடத்தில்தான் சித்தாந்திகள் மூன்றாவது அளவையான உரையை, மெய்யை உணர்ந்தவர்களின் வாக்கை, நாடினார்கள். படகுத் துறையிலும் முதிய பந்தயக்காரர் ஒருவர் சத்தத்தைக் கேட்டு “சீலைப் பார்” என்றால் இளைஞர் நம்புகிறார். நம்பியபடியே சோப்புத் தண்ணீரையும் எடுத்து வருகிறார்.