டிரம்ஸுக்குப் பின்னால் யார்?

கிரேக்கர்களிடம் ஒரு பழைய புதிர் உண்டு. தீசியஸ் என்கிற வீரனின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஒரு பலகை உளுத்துப்போனால் அதை எடுத்துவிட்டுப் புதுப் பலகை. இப்படி ஒவ்வொன்றாக எல்லாமே மாறிவிட்டால் அது அதே கப்பல்தானா, வேறா? ப்ளூடார்க் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். தத்துவப் பேராசிரியர்கள் அன்றிலிருந்து இதை வைத்துப் பிழைக்கிறார்கள்.

இந்தப் புதிரில் எனக்கு ஒரு குறை உண்டு. பலகைக்கு வாய் கிடையாது. ‘ஏம்ப்பா, இந்தப் பக்கமே எத்தனை நாள் போவது, அந்தக் கடலுக்குப் போனால் என்ன?’ என்று புதுப் பலகை கேட்காது. கழற்றிப் போட்ட பலகைக்கும் வருத்தம் கிடையாது. மனுஷர்களால் ஆன கப்பல் என்றால் கதை வேறு.

கனடாவில் டொரன்டோ நகரத்து ‘ரஷ்’ என்கிற ராக் இசைக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே பேர். 1968ல் அலெக்ஸ் லைஃப்ஸன் என்ற கிடார்காரப் பையனும் ஜான் ரட்ஸி என்ற டிரம்ஸ் பையனும் ஆரம்பித்தது. கெடி லீ (பேஸ் கிடார், கீச்சென்ற குரல்) சற்றுப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார். முதல் ஆல்பத்தை எந்தக் கம்பெனியும் வாங்கவில்லை. சொந்தச் செலவில் 1974ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் க்ளீவ்லாண்ட் நகரத்து எஃப்.எம். ஸ்டேஷனில் டோனா ஹால்பர் என்ற பெண்மணி அதிலிருந்து ‘வொர்க்கிங் மேன்’ பாட்டைப் போட, அந்த ஃபாக்டரித் தொழிலாளர் ஊர் கிறுக்குப் பிடித்துப் போனது. மெர்க்குரி கம்பெனி ஓடி வந்தது. அமெரிக்கச் சுற்றுப்பயணம் தயார்.

அப்போதுதான் ரட்ஸி விலகினார். சர்க்கரை வியாதி. ஊர் ஊராகச் சுற்ற உடம்பும் இடம் கொடுக்கவில்லை, மனசும் இல்லை. இசை ரசனையும் மற்ற இருவரோடு ஒத்துப்போகவில்லை. பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், அப்பாவின் டிராக்டர் உதிரிபாக வியாபாரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நீல் பியர்ட் என்ற ஒல்லிப் பையன் வந்து சேர்ந்தான். 1974 ஆகஸ்ட் 14, பிட்ஸ்பர்க் நகரில் பதினோராயிரம் பேருக்கு முன்னால் முதல் கச்சேரி.

ரட்ஸியின் வாசிப்பு நேரானது. நாலு எண்ணி ஓங்கி அடி, திரும்ப நாலு. குடித்துவிட்டு ஆடுகிறவனுக்குக்கூடக் குழப்பம் வராது. பியர்ட் ஐந்திலும் ஏழிலும் எண்ண ஆரம்பித்தார். 1981ல் வந்த ‘ஒய்.ஒய்.ஸீ.’ என்கிற பாடலின் துவக்கத் தாளமே, டொரன்டோ விமான நிலையத்தின் குறியீடான அந்த மூன்று எழுத்துகளின் மோர்ஸ் தந்தி அடிப்புதான். இன்னொரு சமாசாரம், பியர்ட் எக்கச்சக்கமாகப் படிப்பார். ‘நீயே பாட்டு எழுதேன்’ என்று அவர் தலையில் கட்டினார்கள். இரண்டே வருஷத்தில், கம்பெனி சின்னச் சின்ன ஹிட் பாடல் கேட்டுக்கொண்டிருக்க, 1976ல் ‘2112’ என்று இருபது நிமிஷ விஞ்ஞானக் கதைப் பாட்டைக் கொடுத்தார்கள். அது விற்றுத் தீர்ந்தது. ப்ரோக்ரஸிவ் ராக் என்றால் ரஷ் என்றானது. டிரம்ஸ்காரர் மாறினார் என்பது சின்னச் செய்தி. அவர் மாறியதில் மற்ற இருவரும் வேறு ஆட்களானார்கள்.

இப்போது என் கேள்வி, கொஞ்சம் சங்கடமான கேள்வி. ரட்ஸிக்கு இவர்கள் என்ன கடன்பட்டிருக்கிறார்கள்?

‘ஒன்றுமில்லை, அவராகத்தானே போனார்’ என்பீர்கள். சட்டப்படி சரி. ஆனால் கதவைத் திறந்த அந்த ஒரு பாட்டில் டிரம்ஸ் அடித்தவர் அவர்தான். 2013ல் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ என்கிற கௌரவப் பட்டியலில் ரஷ் இடம்பெற்றபோது மூன்று பெயர்கள் இருந்தன, ரட்ஸி பெயர் இல்லை. 2008லேயே இறந்துவிட்டிருந்தார். உங்கள் ஆபீஸிலேயே பாருங்கள். முதல் வருஷம் ஒழுகுகிற கூரைக்குக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதியவரின் போட்டோ வெள்ளிவிழா மலரில் இருக்காது. அந்தக் கம்பெனி வேறு, இது வேறு என்பார்கள். அப்படியானால் வெள்ளிவிழாவை எந்த வருஷத்திலிருந்து எண்ணினீர்கள் ஸார்?

பியர்ட் விஷயத்தில் அவர்கள் நடந்துகொண்டது வேறு மாதிரி. 1997ல் அவருடைய ஒரே மகள் கார் விபத்தில் போனாள். அடுத்த வருஷம் மனைவி, கேன்சரில். நான் ரிட்டயர் ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போய்விட்டார். வட அமெரிக்கா பூராவும் சுற்றினார். மற்ற இருவரும் வேறு ஆள் தேடவில்லை, காத்திருந்தார்கள். 2002ல்தான் அடுத்த ஆல்பம். 1974ல் இரண்டு வாரத்தில் ஆள் பிடித்தவர்கள் இவர்கள்தான். வயது ஒரு காரணம். அன்றைக்குக் கையில் காசில்லை, இன்றைக்கு இருக்கிறது என்பதும் காரணம். இரண்டாவதைச் சொல்ல ரசிகர்களுக்குப் பிடிக்காது.

அதற்கு முன்பே பியர்ட் ஒரு வேலை செய்திருந்தார். 1994 வாக்கில், உலகமே அவரைப் பார்த்து டிரம்ஸ் கற்றுக்கொண்டிருந்த சமயத்தில், ஃப்ரெடி க்ரூபர் என்ற ஜாஸ் வாத்தியாரிடம் போய் முதலிலிருந்து படித்தார். குச்சி பிடிக்கிற விதம்கூட மாறியது. அதாவது ரஷ்ஷின் டிரம்மர் இரண்டாம் முறை மாறினார், ஆளை மாற்றாமலே. ஹால் ஆஃப் ஃபேம் ஆசாமிகள் இதற்கு எந்தப் பெயரை எழுதுவார்களாம்?

கடைசிச் சுற்றுப்பயணம் 2015ல். அதில் பாடல்களைத் தலைகீழ் வரிசையில் வாசித்தார்கள். புதுசில் ஆரம்பித்து, ஆல்பம் ஆல்பமாகப் பின்னோக்கி. பின்னால் போகப் போக மேடை அலங்காரத்தையும் ஆட்கள் வந்து கழற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் பியர்ட் கடைசியாக வாசித்த பாட்டு ‘வொர்க்கிங் மேன்’. ரட்ஸியின் பாட்டு. நாலு எண்ணி ஓங்கி அடி.

2020 ஜனவரியில் மூளைப் புற்றுநோயில் பியர்ட் இறந்தார். வயது 67. பியர்ட் இல்லாமல் ரஷ் இல்லை என்று ரசிகர்கள் தீர்மானித்துவிட்டார்கள். நானும் அந்தக் கட்சிதான், கொஞ்ச நாள். பிறகு யோசித்தால், அந்த நியாயப்படி 1974லேயே கடையைக் கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தால் பியர்ட் ஏது? டிராக்டருக்கு உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்திருப்பார்.

2025 அக்டோபரில் லீயும் லைஃப்ஸனும் அடுத்த வருஷச் சுற்றுப்பயணத்தை அறிவித்தார்கள். டிரம்ஸுக்கு அனிகா நில்லஸ் என்ற ஜெர்மானியப் பெண். ரஷ் கச்சேரியில் ரசிகர்கள் பியர்டின் ஒவ்வொரு அடியையும் காற்றில் கையால் அடிப்பார்கள், ஒன்று பிசகாது. அந்தப் பெண் அப்படியே வாசித்தால் நகல் என்பார்கள், மாற்றினால் துரோகம் என்பார்கள். பிட்ஸ்பர்க்கில் பியர்டுக்கு அந்த இடைஞ்சல் இருக்கவில்லை. ரட்ஸியின் அடி எதுவும் அங்கே யாருக்கும் மனப்பாடம் இல்லை.

பயணத்தின் முதல் கச்சேரிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த அரங்கு, லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம்.