காத்திருக்க விடுங்கள்

‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் மூன்றாம் படம் 1983இல் வந்தது. நான்காவதற்கு ரசிகர்கள் 1999 வரை காத்திருந்தார்கள். அந்தப் பதினாறு ஆண்டுகளில் ஆர்வம் அணையவில்லை. பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதைக் கதையாகச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். பிறகு, 2015 முதல் 2019 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து படங்கள் வந்தன. தொழில்நுட்பம் கூடியது, பரவசம் குறைந்தது.

தில்லியில் ஜூன் வெயிலைத் தாங்கியவர்கள் முதல் மழைக்கு மொட்டை மாடியில் போய் நனைகிறார்கள். ஆகஸ்டில் அதே மழைக்குக் குடையைத் தேடுகிறார்கள். மழை ஒன்றுதான், வரவேற்பு வேறு.

கிடைக்கும்போது ஆசை நிறைகிறது. கிடைக்காதபோதுதான் அது வளர்கிறது. ரசிகர்கள் விலகுவது பெரும்பாலும் வெறுப்பால் அல்ல. ஏங்குவதற்கு இடைவெளி இல்லாத இடத்தில் எந்த அன்பும் சலித்துப்போகும். கலைக்கும் இது பொருந்தும், உறவுக்கும் பொருந்தும். அள்ளிக் கொடுப்பது அன்பின் அடையாளம்தான். நேசிப்பவரைக் கொஞ்சம் காத்திருக்க விடுவதோ, அவர் நேசத்துக்குச் செய்யும் மரியாதை.