நினைவு பிரமாணம் ஆகுமா?

நினைவைப் பிரமாணமாக, அதாவது சரியான அறிவைத் தரும் வழியாக, ஏற்கலாமா என்பது இந்தியத் தத்துவத்தில் நெடுங்கால வழக்கு. ஆகாது என்றனர் நியாய மரபினரான நையாயிகர்: நினைவு பொருளிலிருந்து நேரே பிறப்பதில்லை, முன்பு கண்ட அனுபவத்திலிருந்து பிறக்கிறது, அதற்குள் பொருள் மாறியிருக்கலாம். சமணத் தர்க்கவாதிகளோ நினைவையும் பிரமாணங்களில் சேர்த்தனர். இன்று அதே வழக்கு கணினிகளுக்கு நடுவே நடக்கிறது. இணையத்தில் நாம் காணும் பக்கங்கள் பலவும் மூல சர்வரிலிருந்து வருபவை அல்ல. அவற்றைச் சிடிஎன் எனும் விநியோக வலையமைப்பு நமக்கு அருகே ‘கேஷ்’ செய்து வைத்த நகலிலிருந்து தருகிறது. அதாவது, நினைவிலிருந்து பதில் சொல்கிறது.

அந்த நினைவை நம்பத்தக்கதாக்குவது அதற்கு விதிக்கப்பட்ட ஒழுக்கம்தான் என்பது என் வாதம். கேஷ் செய்வதற்கான நெறிகளை வகுத்து 2022இல் வெளியான ஆர்எஃப்சி 9111 என்ற இணையத் தரநிலைப்படி ஒவ்வொரு நகலுக்கும் ஆயுள் உண்டு. அது தீர்ந்தால் பொதுவாக மூலத்திடம் ‘மாறினாயா?’ என்று கேட்க வேண்டும். மாறவில்லையென்றால் 304 என்ற பதில் வரும். மூலம் எதுவும் சொல்லாதபோது அமேசானின் சிடிஎன் ஆன கிளவுட்ஃப்ரண்ட் வழக்கமாகக் கொள்ளும் ஆயுள் 86,400 விநாடி, அதாவது ஒரு நாள்.

அந்த ஒரு நாளுக்குள் மூலம் மாறினால் நகல் பொய்யாகாதா? ‘இப்போதும் இப்படியே’ என்று சாதித்தால் பொய்தான். ஆனால் நகல் தன் வயதையும் ‘ஏஜ்’ என்ற தலைப்புக் குறிப்பில் விநாடிக் கணக்கில் சேர்த்தே சொல்கிறது. எனினும் எல்லா நகலுக்கும் ஒரே ஆயுள் பொருந்தாது: நிறுவனச் சின்னத்தின் படம் ஒரு நாள் பழசானால் யாருக்கும் நட்டமில்லை. மருந்தின் அளவைச் சொல்லும் பக்கம் பழசானால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஆயுளை நிர்ணயிப்பது அறம் சார்ந்த முடிவு. அதை நிர்வாகத் திரையில் யாரோ அழுத்திய பொத்தானுக்குள் விடாமல், அமைப்பின் விதிகளைக் கோப்பாக எழுதிவைக்க உதவும் டெர்ராஃபார்ம் என்ற கருவியின் கோப்பில் எழுதிப் பிறர் படித்துக் கேள்வி கேட்கும்படி வைப்பது இதனால்தான்.

எழுதியதும் நடப்பதும் ஒன்றாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது, கையால் யாரேனும் அமைப்பை மாற்றிவிடலாம். அதனால்தான் ‘டெர்ராஃபார்ம் பிளான்’ எழுதிய விதியை நடப்போடு ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டுகிறது. விதியும் ஒரு நினைவே. அதற்கும் விசாரணை உண்டு.

நையாயிகரின் எச்சரிக்கை சரி. முடிவு மட்டும் கடுமையானது. தன் வயதை மறைக்காத, மூலத்திடம் மீண்டும் கேட்கத் தயங்காத நினைவு நம்பிக்கைக்குத் தகும். மரபைப் பற்றியும், பல ஆண்டுகளுக்கு முன் ஒருவரைக் குறித்து நாம் எழுதிக்கொண்ட தீர்ப்பைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்பது நம் கடமை: எப்போது கண்டது இது, கடைசியாக எப்போது சரிபார்த்தோம்?