படைத்தல் என்னும் தொழில்: சைவ சித்தாந்தம் காட்டும் விளக்கம்

இல்லாதது தோன்றாது, உள்ளதே வேறு வடிவில் வெளிப்படும் என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. சற்காரியவாதம் என்று இதற்குப் பெயர். சாங்கியரும் இதை ஏற்றவர்களே. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களே கொண்ட சிறிய நூல். தோன்றி, நின்று, ஒடுங்கும் இந்த உலகுக்கு ஒரு கர்த்தா உண்டு என்று அதன் முதல் சூத்திரம் நிறுவுகிறது. அந்தக் கர்த்தா வெறும் சூனியத்திலிருந்து உலகை உண்டாக்கியதாக நூல் சொல்வதில்லை. உலகுக்கு மூலமான மாயை, இறைவனைப் போலவே தொடக்கமற்றது.

இதை விளக்கச் சித்தாந்த ஆசிரியர்கள் குடத்தையும் குயவனையும் எடுத்துக்காட்டுவர். மண் முதற்காரணம், திரிகையும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகத் தோற்றத்தில் மாயை முதற்காரணம், இறைவனின் சக்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் காரியம் இல்லை. கிறித்தவ இறையியல் இதற்கு நேர்மாறானது. ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுள் உலகைப் படைத்தார் என்பது அதன் கோட்பாடு; அதனாலேயே படைத்தல் கடவுளுக்கு மட்டும் உரியது என்று அங்கே நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் ஐரோப்பியச் சிந்தனை அந்த உரிமையைக் கலைஞனுக்கும் நீட்டித்தது. ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் யங் 1759-இல் எழுதிய கட்டுரை, பழையவர்களைப் பின்பற்றி எழுதுவதைவிடத் தன்னிலிருந்தே முளைத்தெழும் எழுத்தை உயர்த்திப் பேசியது. படைப்பாற்றல் என்றால் முன்மாதிரியே இல்லாத புதுமை என்று இன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நிலவும் எண்ணம் அந்த வழியில் வந்ததுதான்.

அந்த எண்ணத்தைக் கொண்டு பார்த்தால் மனிதர்களில் பெரும்பாலோர் படைப்பாற்றல் அற்றவர்களாகவே தெரிவார்கள். சித்தாந்தத்தின் வழியே பார்த்தால் கேள்வியே மாறிவிடுகிறது. இறைவனே இருக்கும் பொருளைக் கொண்டுதான் படைக்கிறான் என்றால், மரபிலிருந்து எடுத்துக்கொண்டு செய்வது மனிதனுக்குக் குறைவாகாது. கிடைத்த பொருளில் மறைந்து கிடப்பதை எவ்வளவு முழுமையாக ஒருவன் வெளிக்கொணர்ந்தான் என்பதே பார்க்க வேண்டியது.

இதைக் கண்ணால் காண ஏற்ற இடம் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலை. அங்கே உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதி முதலில் தென்னங்கீற்றிலிருந்து ஓர் ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவுகளைக் குறித்துக்கொள்கிறார். உத்தம தசதாளம் என்னும் முறையில் முழு உருவமும் 124 பங்குகளாகப் பிரியும்; முகத்துக்கு எத்தனை, கழுத்துக்கு எத்தனை என்பதெல்லாம் சிற்ப நூலில் வகுத்திருப்பது. பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் செய்யப்படுகிறது. அதன்மேல் காவிரியின் நைசான வண்டல் மண்ணைப் பூசி நிழலில் உலர்த்தி, மேலும் மண் சாற்றிக் கம்பியால் கட்டுவார்கள். சூட்டில் மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகக் குழம்பு வார்க்கப்படும். ஆறியபின் அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான்.

எல்லாம் நூலில் உள்ளபடி என்றால் ஸ்தபதியின் பங்கு எங்கே? தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் விடை சொல்கிறார். சோழ மன்னன் ராஜராஜன் காலத்தில், 1011-இல் அமைந்த திருமேனி அது. கால்களைச் சாய்வாகப் பின்னி, சடையைத் தலைப்பாகை போல் சுற்றி, வலக்கையை ரிஷபத்தின் மீது ஊன்றியபடி இறைவன் நிற்கிறார். ரிஷபம் இன்று இல்லை. ஆனாலும் முழங்கை மடிந்திருக்கும் விதத்திலும், இடுப்பில் ஏறிய லேசான சாய்விலும் அந்தக் காளையின் உயரமும் அது தாங்கும் பாரமும் தெரிகின்றன. தாள அளவு எதுவும் இதைக் கற்றுத்தராது. அளவு கைவந்த பிறகு, அளவுக்குள் நின்றே ஒருவர் கண்டடைந்தது இது. தமிழ்நாட்டில் படைப்பாற்றலுக்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது.

இலக்கியத்திலும் இதே நிலைதான். நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று வகுக்கிறது. வழிநூல் முன்னோர் நூலின் முடிபோடு முழுதும் ஒத்திருந்து, பின்வந்த ஆசிரியர் வேண்டிய மாற்றங்களையும் கொண்டிருக்கும். அதைக் குறைபட்ட நூலாக யாரும் எண்ணவில்லை. கம்பர் பாடிய இராமாயணம் வழிநூல். கதை வால்மீகியுடையது. வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலம் கம்பனில் இருக்கிறது. கதையை விட்டு விலகாமலே அதன் அறத்தையும் அழகையும் தம் மக்களுக்கு ஏற்ப நகர்த்திவிட்டார் கம்பர்.

எதற்காகப் படைப்பது என்ற கேள்விக்கும் சித்தாந்தம் தெளிவான விடை வைத்திருக்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலில் எதுவும் இறைவனின் தேவைக்காக நிகழ்வதில்லை. உயிர்கள் பக்குவப்பட வேண்டும், அதற்காகவே உடலும் உலகும் தரப்படுகின்றன. படைப்பின் பயன் படைப்பவனுக்கு வெளியே இருக்கிறது. தன்னை வெளிப்படுத்திக்கொள்வதே கலை என்ற கருத்தோடு இது ஒத்துப்போகாது. சோழர் செப்புத் திருமேனிகளைச் செய்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் தெரியாமற்போனதை இதோடு சேர்த்து எண்ணலாம். ஆனால் பெயரை மறைப்பது விதியாக இருக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரைப் பொறித்திருக்கிறது. உழைத்தவரை மதிப்பது வேறு, 'யான், எனது' என்ற செருக்கு வேறு. சித்தாந்தம் களையச் சொல்வது இரண்டாவதை.

வாழ்க்கைக்கும் இது பொருந்தும். பிறப்பு, உடல், பெற்றோர், நேரும் இன்ப துன்பங்கள் ஆகியவை, முன்செய்தவற்றுள் இப்பிறவியில் பயன் தரும் பிராரத்த வினையின் பயனாக வருபவை. யாரும் தெரிந்தெடுத்தவை அல்ல. அவற்றை அனுபவிக்கும்போது விருப்பு வெறுப்பால் புதிதாகச் சேர்வது ஆகாமியம். வந்ததை மாற்ற முடியாவிட்டாலும், அதை எதிர்கொள்ளும் விதம் உயிரின் கையில்தான் இருக்கிறது. நோயாளியைப் பல ஆண்டு பராமரிக்கும் ஒருவர், அந்தச் சுமைக்குள்ளேயே பொறுமையையும் பரிவையும் வளர்த்தெடுத்தால், அது சிலை வடிப்பதற்குச் சற்றும் குறையாத படைப்பு.

மிக முக்கியமான விளக்கம் இனிதான் வருகிறது. இறைவன் ஐந்தொழில் இயற்றுவது இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று சக்திகளால். உயிருக்கும் இம்மூன்றும் உண்டு. உயிரின் அறிவை மறைக்கும் அழுக்காகிய ஆணவ மலம் மூடியிருப்பதால் அவை சுருங்கிக் கிடக்கின்றன. விரும்புதல், அறிதல், செய்தல் மூன்றும் ஒரே ஆளிடம் கூடும்போதுதான் ஒருவர் தம் தொழிலில் நிமித்தகாரணமாக நிற்கிறார். வாசலில் கோலமிடும் பெண் எத்தனை புள்ளி, எந்தச் சிக்கு என்று தாமே முடிவு செய்து, தாமே அறிந்து, தாமே இழுக்கிறார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோன்மணியும் ராணி சிரோன்மணியும் 1970-களில் கோலத்தை ஒரு முறையான இலக்கணமாகக் கொண்டு கணித ஆய்வு செய்தார்கள். நடுவெயிலுக்குள் மிதிபட்டு அழியும் கோலம் அந்த ஆய்வுக்குத் தகுதியானதாகவே இருந்தது.

இதற்கு மாறாக, 1911-இல் வெளியான பிரடெரிக் டெய்லரின் நிர்வாக நூல், திட்டமிடுவதை ஒரு பிரிவிடமும் செய்வதைத் தொழிலாளியிடமும் பிரித்துக் கொடுத்தது. விருப்பமும் அறிவும் மேசைக்குப் போயின; கிரியை மட்டும் கைக்கு மிஞ்சியது. கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, கலைஞன் தனி இனம், உழைப்பாளி தனி இனம் என்ற பிரிவையே வாழ்நாள் முழுவதும் மறுத்து எழுதினார். அவர் சொன்னதைத் தொழிற்சாலையோடு நிறுத்திவிடக் கூடாது. விடையை மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்பறையும், காரணம் சொல்லாமல் உத்தரவு மட்டும் இடும் அலுவலகமும் அதே பிரிவைத்தான் செய்கின்றன. பணியாளரிடமும் மாணவரிடமும் படைப்பாற்றல் இல்லை என்று குறைபடுவோர், அவர்கள் செய்யும் வேலையைப் பற்றிய அறிவையும் முடிவெடுக்கும் உரிமையையும் முதலில் அவர்களிடம் கொடுக்க வேண்டும்.