தண்டிப்பவனின் கண்

ஸ்பெயினோடு எண்பது ஆண்டுகள் நீடித்த யுத்தம் சமாதான உடன்படிக்கையால் முடிவுற்ற 1648ஆம் ஆண்டிலேயே, ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் தமக்கொரு புதிய நகர மண்டபத்துக்கு அஸ்திவாரமிட்டு, சேற்று நிலம் கல் மாளிகையைத் தாங்காதென்று 13,659 மரக்கம்பங்களைப் பூமியில் அடித்து இறக்கி, யாக்கோப் வான் காம்பன் வகுத்த அமைப்பின்படி அதை எழுப்பி, 1655இல் திறந்து வைத்தார்கள். பூகோள வரைபடங்களைப் பளிங்குத் தரையில் பதித்த அதன் மகா மண்டபம், வாணிபத்தால் செழித்த குடியரசின் பெருமிதத்தைக் காட்டுவது. தர்மவிசாரம் உடையவனைத் தடுத்து நிறுத்துவதோ தரைத்தளத்திலுள்ள சிறியதொரு கூடம்.

மரண தண்டனையைப் பகிரங்கமாக அறிவிப்பதற்கென்று அமைந்த அக்கூடத்தின் சுவரில், ஆர்ட்டுஸ் குவெல்லினுஸ் என்னும் சிற்பி மூன்று தீர்ப்புகளைச் செதுக்கியிருக்கிறான். குழந்தையை வாளால் பிளக்கச் சொல்லித் தாயின் உள்ளத்தைச் சோதித்த சாலமோன் ஒருவன். ராஜத்துரோகம் போலவே குடியரசுத் துரோகமும் கொடிதென்று தன் புதல்வர்களையே கொலைக்களத்துக்கு அனுப்பிய ரோமாபுரிப் புரூட்டஸ் மற்றொருவன். விபசாரத்துக்கு இரு கண்களையும் இழக்க வேண்டுமெனச் சட்டம் செய்து, மகனே குற்றவாளியானபோது அவன் கண் ஒன்றையும் தன் கண் ஒன்றையும் பறிக்கச் செய்த ஸாலியூக்கஸ் மூன்றாமவன்.

மூன்றிலும் பெற்ற பாசமே சோதனைக்குள்ளாகிறது என்பது கவனிக்கத்தக்கது. இவற்றுள் ஸாலியூக்கஸின் செயலே விவாதத்துக்குரியது: குற்றமற்ற தந்தையின் கண், மகனின் குற்றத்துக்கு எவ்வாறு ஈடாகும்? தண்டனை வெறும் கணக்குத் தீர்ப்பானால் அது சட்டத்தை ஏமாற்றும் தந்திரமே. ஆனால், தண்டிக்கப்படுவோன் சமூகத்தின் அங்கமாக இருக்கும்வரை அவனுக்கு நேரும் நஷ்டம் தண்டிப்பவனுக்கும் நஷ்டமே என்று கொள்வோமாயின், அத்தந்தை சட்டத்தை வளைக்கவில்லை. சட்டம் யாவர்மீதும் சுமத்தும் துயரத்தில் தன் பங்கை மறுக்காமல் செலுத்தினான் என்பதே பொருந்தும். புரூட்டஸிடம் நியாயம் இருந்தது. ஸாலியூக்கஸிடம் நியாயத்தோடு பொறுப்பும் இருந்தது.

அச்சிற்பங்களின்கீழ் அமர்ந்த நகர நீதிபதிகள் யாவரும் அவ்வாறே உணர்ந்தனர் என்று சொல்வதற்கில்லை. அதே மாளிகையில் சித்திரவதைக்கும் அறை இருந்தது. கருணையைக் கல் கற்பித்துவிடாது. எனினும் அரசதிகாரம் தன் கொடிய செயலைச் செய்யும் இடத்திலேயே அச்செயலுக்குரிய நிபந்தனையைப் பொறித்து வைத்தது சிறிய காரியமன்று: பிறனைத் தண்டிக்கும் உரிமை, அவனைத் தன் புதல்வனாக எண்ணியும் தண்டிக்கத் துணிபவனுக்கே உண்டு, அந்த எண்ணம் நீங்கிய சட்டம் பலாத்காரமன்றி வேறில்லை.