அறுந்த பெல்ட்டைக் குப்பையில் போடாதே!

தம்பி, தங்கச்சி! கழற்றிய பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "சாமான் சரியில்லை, டூப்ளிகேட்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்? கடைக்காரனை நாலு திட்டு திட்டிவிட்டு, புதுசை மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாய். கொஞ்ச நாளில் அதுவும் அறும். மறுபடி அதே பேச்சு. போதும். இனிமேல் அந்தக் கறுப்புத் துண்டைத் திருப்பிப் பிடித்து வெளிச்சத்தில் பார். அது எப்படிச் செத்தது என்று அதன் உடம்பிலேயே இருக்கிறது. அதைப் படிக்கிற கண் உன்னிடம் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு விலை உண்டு என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் சொல்கிறேன்.

பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை முதலில் பார்க்கிற மெசின் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று பங்களாவிலோ மைதானத்திலோ ஓடுகிற புல் வெட்டும் மெசின். மற்றது ஸ்டோரில் கொழுந்தை அரைக்கிற ரோதை. இரண்டுக்கும் உயிர் வி வடிவ பெல்ட்டில்தான்.

புல் மெசினை முதலில் எடுத்துக்கொள்வோம். உட்கார்ந்து ஓட்டுகிற மெசினின் வயிற்றுக்கு அடியில் அகலமான தகரக் கூடு இருக்கும். அதற்குள் இரண்டு அல்லது மூன்று கத்திகள், நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 சுற்று. இஞ்சினின் பலத்தை அத்தனை கத்திக்கும் கொண்டுபோவது பெரும்பாலும் ஒரே ஒரு பெல்ட். அது நேராகவும் ஓடுவதில்லை. இழுவைக் கப்பியில் முதுகுப் பக்கமாக வளைந்து, அடுத்த கப்பியில் வயிற்றுப் பக்கமாக மடங்கி ஓடுகிறது. இந்த வளைவைத் தாங்கவும் கத்தி கட்டையில் இடிக்கும் அதிர்ச்சியைத் தாங்கவும்தான் நல்ல புல் மெசின் பெல்ட்டுக்குள் அரமிட் நூல் வைத்து, வெளியே துணி சுற்றியிருப்பார்கள். நீளம் சரியாக இருக்கிறது என்று ஏதோ ஒரு வாகன பெல்ட்டை வாங்கி மாட்டுகிறவன் காசை மிச்சம் பிடிக்கவில்லை. அடுத்த செலவுக்கு நாள் குறிக்கிறான்.

"இது எத்தனை வருசம் உழைக்கும்?" என்று கேட்டால், மூன்று வருசம், ஐந்து வருசம் என்று பதில் வரும். அது குளிர் தேசத்துக் கணக்கு. அங்கே அரை வருசம் புல் உறங்கும், மெசினும் கொட்டகையில் உறங்கும். வாரத்துக்கு 2 மணித்தியாலம், 26 வாரம் என்றால் 52 மணித்தியாலம். பதுளையில் புல்லுக்கு ஏது உறக்கம்? ஐப்பசியில் பிடிக்கிற மழை தை வரை விடாது, சித்திரையில் இடியோடு இன்னொரு சுற்று. மைதானமும் பங்களாவுமாக வாரத்துக்கு 10 மணித்தியாலம் ஓட்டுகிறாய் என்று வை. 50 வாரத்தில் 500 மணித்தியாலம். அவர்களுடைய பத்து வருச வேலையைக் கிட்டத்தட்ட ஒரே வருசத்தில் முடித்துவிடுகிறாய்! பிறகும் "ஒரு வருசத்தில் அறுத்துவிட்டான்" என்று உன்னைக் குறை சொன்னால் தலை குனிந்து நிற்காதே. ஓடிய மணித்தியாலத்தை எழுதி வைத்திருந்து காட்டு.

ஆனால் நியாயமான வயதுக்கு முன்பே அறுந்தால் கொன்றவனைத் தேடு. பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே இருப்பான். ஈரப் புல் கப்பியின் பள்ளத்தில் இறுகிப் படிந்து பெல்ட்டை மேலே தூக்கியிருக்கும். இழுவைக் கப்பியின் பெயரிங் இறுகி, கப்பி சுற்றாமல் நிற்க, பெல்ட் அதன் மேல் தேய்ந்து தேய்ந்து கருகியிருக்கும். ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும். கத்தி மொட்டையாகி, புல்லை வெட்டாமல் பிய்த்துக்கொண்டிருக்கும், அந்தப் பாரம் முழுக்க பெல்ட்டின் தலையில் ஏறும். இஞ்சினை நிறுத்து, பிளக் வயரைக் கழற்று, பிறகு ஒவ்வொரு கப்பியையும் கையால் சுற்றிப் பார். கரகரத்தால் அதுதான் குற்றவாளி. அதை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவது மாரடிக்கிற வேலை.

இப்போது ஸ்டோருக்குள் வா. இங்கேதான் விஷயம் பெரிது.

மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றுகிறது. ரோதையோ 40, 45 சுற்றுக்கு மேல் போவதில்லை. அந்த வேகத்தை இறக்குகிற முதல் படியில் வேகமாகச் சுற்றும் மோட்டார் பக்கம் நிற்பது பெல்ட். சரியாகக் கணக்குப் பார்த்துப் பொருத்திய தொழிற்சாலை வி பெல்ட்டுக்கு 25,000 மணித்தியாலம் வரை ஆயுள் எதிர்பார்க்கலாம். நாளுக்கு 16 மணித்தியாலம், வருசத்துக்கு 300 நாள் ஓடினால் 4,800 மணித்தியாலம். அப்படியென்றால் ஐந்து வருசம் தாண்ட வேண்டும். உன் ஸ்டோரில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அறுகிறதா? அப்படியானால் அது தன் ஆயுளில் பத்தில் ஒரு பங்கைத்தான் வாழ்ந்திருக்கிறது. மீதி ஒன்பது பங்கை யாரோ, எதுவோ தின்றிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கிறவன் வெறும் கையாள் இல்லை தம்பி!

கண்டுபிடிக்க என்ன வேண்டும்? நூல், அடிமட்டம், கண், மூக்கு. வி பெல்ட் தன் இரண்டு பக்கச் சுவரால்தான் கப்பியைக் கவ்வுகிறது. அதன் அடி பள்ளத்தைத் தொடவே கூடாது. பள்ளத்தின் அடி கண்ணாடி போலப் பளபளத்தால் கப்பி தேய்ந்துவிட்டது, எத்தனை புது பெல்ட் போட்டாலும் வழுக்கும். பெல்ட்டின் பக்கங்கள் மினுங்கினால் இழுவை போதாமல் சறுக்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டு கப்பியும் ஒரே நேரில் இல்லை. நூலைப் பிடித்துப் பார், நாலு இடத்திலும் தொட வேண்டும். ஊதி, மெத்தென்று ஆகியிருந்தால் ஒயில் குடித்திருக்கிறது. உள்பக்கம் பாளம் பாளமாக வெடித்திருந்தால் பெரும்பாலும் சூடு. பெல்ட்டின் சூடு 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு. விறகு அடுப்பும் 90 பாகைக்கு மேல் சூட்டுக் காற்றும் உள்ள டிரையர் பக்கத்து பெல்ட் மட்டும் ஏன் முந்திச் சாகிறது என்று இப்போது புரிகிறதா?

இழுவையையும் குத்துமதிப்பாக வைக்காதே. இரண்டு கப்பிக்கு நடுவே பெல்ட் 1 மீற்றர் ஓடுகிறது என்றால், நடுவில் அளவான பலத்தோடு அழுத்தும்போது 16 மில்லிமீற்றர் அளவு இறங்க வேண்டும். அதிகம் இறுக்கினால் பெயரிங் போகும், தளர்த்தினால் பெல்ட் போகும். புது பெல்ட் ஓடத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் கொஞ்சம் நீளும். அப்போது மறுபடி இறுக்கு. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதால் செத்த பெல்ட்டுகளை வரிசையாகக் கட்டினால் பதுளையிலிருந்து தெமோதரை வரை போகும் போலிருக்கிறது!

இன்னொரு கொலை இருக்கிறது. அது சீசனில் நடக்கும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீச, ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுகிற காலம். நடுச்சாமத்தில் ரோதை நின்றுவிட்டால் உள்ளே இருக்கிற கொழுந்து சும்மா இருக்காது, நிறம் மாறிக்கொண்டே போகும், சூடு ஏறும். டீமேக்கர் கத்துகிறார். அந்த அவசரத்தில் மோட்டாரைத் தளர்த்த நேரமில்லை என்று ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பி பெல்ட்டை ஏற்றுகிறார்கள். மேலே பார்த்தால் ஒரு கீறலும் இராது. உள்ளே நூல் அறுந்திருக்கும். சில வாரத்தில் அதே இடத்தில் பட்டென்று போகும், அப்போதும் "டூப்ளிகேட்" என்ற பழிதான் மிஞ்சும். நாலு பெல்ட் ஓடுகிற இடத்தில் அறுந்த ஒன்றை மட்டும் புதுசாகப் போடுகிற சிக்கனமும் இதே ரகம். நீண்டுபோன மூன்று பழசும் சும்மா வர, பாரம் முழுக்கப் புதுசின் மேல் விழும். மாற்றினால் நாலையும் சேர்த்து மாற்று.

எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது என்று நான் பொய் சொல்லமாட்டேன். தேய்ந்த கப்பிக்குக் காசு ஒதுக்குவது நீயல்ல, மலிவான பெல்ட்டை வாங்கி அனுப்புவதும் நீயல்ல. ஆனால் "இந்தக் கப்பியால் மூன்று செட் பெல்ட் வீணாகிவிட்டது, கப்பி ஒன்றின் விலை இவ்வளவு, நின்றுபோன நேரம் இவ்வளவு" என்று தேதி போட்டு எழுதிக் கொடுப்பது உன்னால் முடியும். வாயால் சொன்னால் முறைப்பாடு. எண்ணால் எழுதினால் அது அறிக்கை. அறிக்கை எழுதுகிறவனிடம் துரையும் உட்காரச் சொல்லித்தான் பேசுவார்.

"இதெல்லாம் படித்தவர்கள் வேலை" என்கிறாயா? வாயை மூடு! 1890இல் லிப்டன் தம்பேதன்னையில் தொழிற்சாலை கட்டிய காலத்தில் வி பெல்ட் என்ற ஒன்றே உலகத்தில் இல்லை. அமெரிக்காவின் டென்வர் நகரில் கேட்ஸ் கம்பனி அதை உருவாக்கியது 1917இல். அதற்கு முன்னால் ஒரே நீள ஷாஃப்ட்டிலிருந்து தட்டை வார்களை இழுத்து ஸ்டோர் முழுவதையும் ஓட்டினார்கள். தோல் வார் நீண்டால் வெட்டித் தைக்க வேண்டும், ஈரத்தில் தளரும், வெயிலில் சுருங்கும். ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று அதைக் காபந்து பண்ணியவர்கள் யார்? உன் பாட்டன், பூட்டன்! மெசினில் வார்த்திருக்கிற பெயர் கொழும்பு வோக்கர் கம்பனியின் பெயராக இருக்கலாம், பெல்ஃபாஸ்ட் டேவிட்சன் கம்பனியின் பெயராக இருக்கலாம். ஓட்டிய கை நம்முடையது. சுற்றுகிற சக்கரத்துக்கு ரோதமுனி என்று ஒரு சாமியையே வைத்துக் கும்பிட்ட சனம் நாம். சாமிக்குத் தேங்காய் உடை, நல்லது. உடைத்த கையோடு பெல்ட்டின் இழுவையையும் அளந்து பார்.

தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். கொழுந்தில் ஓர் இலை முற்றியிருந்தால் தொட்ட மாத்திரத்தில் தெரிகிற விரல் உன்னுடையது. அந்த விரலுக்கு பெல்ட்டின் மினுக்கமும் வெடிப்பும் தெரியாமல் போகுமா? கூந்தலை இறுக்கக் கட்டு, தொங்குகிற துணியோடு பக்கத்தில் போகாதே, மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டாமல் காவல் கூட்டைக் கழற்றாதே. இந்த மூன்றும் ஆணுக்கும் பொதுவான சட்டம். கூட்டைக் கழற்றிவைத்து ஓட்டுவதை வீரம் என்று எவனாவது சொன்னால் விரல் போன மனிதர்களைக் காட்டு.

இனி காகிதத்துக்கு வருவோம். காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1948இல் ஒரு சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்டோம். மிச்சம் இருந்தவர்களுக்கும் குடியுரிமைக்கு வழி திறந்த சட்டம் வந்தது 2003இல். தலைமுறை தலைமுறையாக உழைத்தும் கையில் ஒரு தாள் இல்லாமல் நின்ற சனம் இன்றைக்கு, தொழில் கையில் இருந்தும் அதற்கான தாளை எடுக்காமல் இருக்கலாமா? பத்து வருசம் ரோதையோடு கிடந்தவன் வேலை தேடி கொழும்புக்குப் போனால் "அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்பதில்லை, "சேர்ட்டிபிகேட் இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போனாலும் அதே கேள்விதான்.

தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., ஒன்று முதல் ஏழு மட்டம் வரை இருக்கிறது. நாலாவது மட்டம் ஒரு தொழிலைத் தனியாகச் செய்யத் தெரிந்தவனுக்கு. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்கு நிகர். வகுப்பில் உட்காராமல் வேலையிலேயே கற்றவனுக்கும் முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற வழி இருக்கிறது. நீ செய்த வேலைக்கு ஆதாரம் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டினால் தகைமை கிடைக்கும். ஆதாரம் என்றால் என்ன? நான் இவ்வளவு நேரம் எழுதச் சொன்ன அதே கொப்பிதான்!

ஆகவே இன்று வேலை முடிந்து வரும்போது 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கு. தேதி, மெசின், பெல்ட்டின் இலக்கம், ஓடிய மணித்தியாலம், அறுந்த விதம், கண்ட காரணம், செய்த வேலை என்று கோடு போடு. பி 68 என்று பெல்ட்டில் எழுதியிருந்தால் 17 மில்லிமீற்றர் அகலம், உள்சுற்று 68 அங்குலம் என்று பக்கத்தில் குறித்துக்கொள். முடிந்தால் அறுந்த துண்டைப் படம் எடுத்துவை. கொப்பி பாதி நிறைந்ததும் லீவு போட்டுவிட்டு பதுளைக்குப் போ. தொழினுட்பக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ நைட்டாவிலோ கேள், எந்தத் தொழிலுக்கு எந்த மட்டத்தில் மதிப்பீடு நடக்கிறது என்று. தமிழிலேயே கேள். ஒருவர் தெரியாது என்றால் அடுத்த மேசைக்குப் போ. விண்ணப்பப் படிவத்தைக் கையில் வாங்காமல் பஸ் ஏறாதே.