அரிவாள்மணைக்கு எட்டும் தூரத்தில்

அக்கா மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதியில் கொண்டுபோய் விடுவதற்கு முன் அக்கா என்னிடம் ஒரு உதவி கேட்டாள். "நீ சிலம்பம் கத்துக்கப் போறியே, உங்க ஆசானுக்குத் தெரிஞ்ச பட்டறையில சொல்லி ஒரு சின்னப் பிச்சுவா அடிச்சு வாங்கிட்டு வா. கைப்பைக்குள்ள அடங்கணும், அவ்வளவுதான்."

நாற்பது வயதுக்கு மேல் கம்பு பிடித்தவள் நான். சிலம்பத்தில் கம்பு ஒரு தொடக்கம்தான். மான்கொம்பு, சுருள்வாள், பிச்சுவா, அரிவாள் என்று வரிசை நீளும். கடைகளில் அச்சில் வார்த்ததுபோல் வரும் கத்திகளை எங்கள் ஆசான் தொட மாட்டார். கைக்கு ஏற்றபடி அடித்து வாங்கிய இரும்புதான் கை சொல்வதைக் கேட்கும் என்பார். அதனால் அக்கா கேட்டது எனக்கு விநோதமாகத் தெரியவில்லை. சனிக்கிழமை காலை பட்டறைக்குப் போனேன்.

பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி உலையில் வைத்தார் கொல்லர். அது சிவந்ததும் குறடால் பிடித்துப் பட்டடைக்கல்லில் வைத்தார். எதிரே நின்று சம்மட்டி அடித்தது அவர் மனைவி. அவர் சிறு சுத்தியலால் தட்டிக் காட்டும் இடத்தில், காட்டிய மறுநொடியில், அந்தம்மாவின் சம்மட்டி இறங்கியது. ஒரு அடிகூடத் தவறவில்லை. தட்டி நீட்டி, மறுபடி காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, சாணை பிடித்து முடிக்க மதியமாகிவிட்டது. நடுவில் கொல்லர், "யாருக்கும்மா?" என்று கேட்டார். "பொம்பளப் பிள்ளைக்கு" என்றேன். "அப்ப பிடியைச் சின்னதா வச்சிருவோம்" என்றார்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்தம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "உங்க கைக்கு இருக்கிற பலத்துக்கு யாரும் கிட்ட வர முடியாதுக்கா" என்றேன், பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு. அவர் சிரித்தார். "இருபது வருசமா சம்மட்டி தூக்குறேன். ராத்திரி இவரு குடிச்சிட்டு வந்து அடிச்சா இந்தக் கை தூக்காது. தூக்கிட்டு எங்க போறது?" என்றார். சொல்லிவிட்டுக் கரியை அள்ளி உலையில் போட்டார். சுற்றிலும் சுவரில் அரிவாள்களும் கத்திகளும் தொங்கிக்கொண்டிருந்தன.

காகிதத்தில் சுற்றிய பிச்சுவாவோடு வீடு திரும்பும்போது, முப்பது ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லாத ஒரு மதியம் நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. கல்யாண வீடு. எல்லோரும் மண்டபத்துக்குப் போயிருந்தார்கள். நான் அடுப்படியில் அரிவாள்மணையின் மேல் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேட்டு வந்தார், நாங்கள் பெரியப்பா என்று கூப்பிடும் ஒருவர். அடுத்து நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. படிக்கிற உங்களில் பலருக்கு எழுதாமலே தெரியும். எழுத விரும்புவது வேறொன்றை. அந்த வீட்டிலேயே மிகக் கூர்மையான இரும்பு என் காலடியில் இருந்தது. அதை எடுக்கலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. வந்த நினைப்பு ஒன்றுதான். சத்தம் போட்டால் கல்யாண வீட்டில் அசிங்கமாகிவிடுமே!

நம் வீடுகளில் இருக்கும் இரண்டு கூர்மைகளைப் பாருங்கள். அரிவாள் ஆணின் கையில் வெளியே போகும், வரும், வீசப்படும். அரிவாள்மணையைப் பலகையில் அறைந்து வைத்திருக்கிறோம். அதன் முன்னால் பெண்தான் போய் உட்கார வேண்டும். ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய ஆயுதங்களைத் தம் கணக்கில் வைக்கின்றன. ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றை விட்டுவிடுகின்றன. அரிவாள்மணை எத்தனை பெரிதானாலும் ஆயுதமில்லை. பதினான்கு வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆகவே என் கேள்வி, ஒரு பெண் கத்தி வைத்துக்கொள்ளலாமா என்பதல்ல. தன் உடலைக் காத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு, அவளுக்கும் உண்டு. ஒரு பெண்ணின் கையில் கத்தியைக் கொடுக்கும்போது நாம் அவளுக்கு உரிமையைக் கொடுக்கிறோமா, அல்லது நம்முடைய பொறுப்பை அவள் தலையில் இறக்கி வைக்கிறோமா? இதுதான் என் கேள்வி.

பெண்ணுக்குக் கத்தி கொடுப்பது புதிய பழக்கமில்லை. ஜப்பானில் சாமுராய் குடும்பத்துப் பெண்கள் கைகென் என்ற குறுங்கத்தியை உடையில் செருகி வைத்திருந்தார்கள். நீண்ட வாளை வீச முடியாத அறைக்குள் எதிரி வந்துவிட்டால் தற்காத்துக்கொள்ள அது. அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. பிடிபடும் நிலை வந்தால் அதே கத்தியால் அவள் தன் கழுத்து நரம்பை அறுத்துக்கொள்ள வேண்டும். மணப்பெண் அலங்காரத்தில் அந்தக் கத்தி இன்றும் ஒரு அணியாக இருக்கிறது. அந்தக் கத்தி யாரைக் காத்தது? அவள் உயிரைத்தான் என்றால், அவளையே அறுக்கும் வேலையை அதற்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். அது காத்தது குடும்பத்தின் மானத்தை. அந்த மானம் வைக்கப்பட்டிருந்த பாத்திரம்தான் அவள்.

தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. அகிம்சையை வாழ்வாகக் கொண்ட காந்தி 1942இல் ஹரிஜன் இதழில் எழுதினார்: தாக்கப்படும் பெண் அந்த நேரத்தில் இம்சையா அகிம்சையா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், நகமும் பல்லும் உட்பட எதையும் பயன்படுத்தலாம். இதில் ஒரு பெரிய அனுமதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தற்காப்பை அவளது முதற்கடமை என்றும் அவர் சொன்னார். காக்க வேண்டியதாக அவர் குறிப்பிட்டதும் மானத்தைத்தான். உரிமையாகத் தொடங்கிய பேச்சு, கடமையில் வந்து நிற்கிறது. கடமை என்றால், செய்யாதவள் தவறியவள் ஆகிவிடுகிறாள்.

டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூரின் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு சிறு ரிவால்வரைக் கொண்டுவந்தது. பெயர் நிர்பீக். எடை சுமார் 500 கிராம். விலை 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல். பேருந்தில் ஏறிய ஒரு பெண் பத்திரமாக வீடு சேர முடியாத நாட்டில், பேருந்தைச் சரிசெய்வது எல்லோருடைய வேலை. துப்பாக்கி வாங்குவதோ அவளுடைய வேலை. வாங்க முடியாத பெண் என்ன செய்வாள் என்று அந்தத் துப்பாக்கியிடம் கேட்க முடியாது.

யாரை எண்ணி இந்த ஆயுதங்களைச் செய்கிறார்கள்? இருட்டில், தெருவில், முகம் தெரியாத ஒருவன். அவன் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் ஒன்றையே சொல்கின்றன: பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், செய்தவன் அவளுக்குத் தெரிந்தவன். உறவினன், அண்டைவீட்டான், நண்பன், முதலாளி. கைப்பைக்குள் இருக்கும் பிச்சுவா தெரியாதவனுக்காக அடித்தது. தெரிந்தவனுக்கு நாம் கதவைத் திறந்து, தண்ணீர் கொடுக்கச் சொல்கிறோம்.

சட்டமும் தெருவைத்தான் பார்க்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆம் பிரிவாக இருக்கிறது. வல்லுறவு செய்யும் நோக்கத்தோடு ஒருவன் தாக்கினால், தற்காப்பில் அவனுக்கு மரணம் நேர்ந்தாலும் அது குற்றமில்லை என்கிறது அந்தப் பிரிவு. நல்ல பிரிவுதான். ஆனால் அதே சட்டத்தின் 63ஆம் பிரிவு, 18 வயது நிறைந்த மனைவியிடம் கணவன் செய்வது வல்லுறவே ஆகாது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தெருவில் வருபவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒரு பெண்ணுக்கு இருக்கும் அந்த உரிமை, அவள் படுக்கையறைக் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. கொலைபயமோ கொடுங்காயமோ வந்தால் வேறு வழியில் வாதாடலாம். வல்லுறவு என்ற சொல்லை மட்டும் அவள் சொல்ல முடியாது. "தூக்கிட்டு எங்க போறது?" என்று அந்தம்மா கேட்டதற்குள் இதுவும் இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 அறிக்கையின்படி, வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி தேடியிருக்கிறார்கள். மற்றவர்களெல்லாம் கோழைகள் என்று யாராவது சொன்னால், இருபது வருடம் சம்மட்டி தூக்கிய அந்தக் கையை ஒருமுறை பார்க்கச் சொல்வேன்.

அப்படியானால் தற்காப்புக் கலையே வீண் என்கிறேனா? இல்லை. அதனால் உயிர் பெற்றவள் நான். சிலம்ப வகுப்பில் எனக்குக் கடினமாக இருந்தது கம்பு சுற்றுவதல்ல. அடியோடு சேர்த்துச் சத்தம் கொடுக்கச் சொன்னார் ஆசான். எங்களில் ஒருத்திக்கும் குரல் வரவில்லை. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், தினமும் அறுபது பிள்ளைகளை அதட்டுபவர், வாயைத் திறந்து காற்றை மட்டும் விட்டார். எனக்குக் குரல் வர ஏழு மாதம் ஆனது. வந்த அன்று மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். கல்யாண வீட்டில் அடக்கிய சத்தம் அது.

இது என் ஒருத்தியின் அனுபவமாக இருக்கலாம். ஆனால் கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவிகளோடு நடந்த ஒரு ஆய்வு 2015இல் வெளியானது. பாதிப் பேருக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி. மற்றவர்களுக்குத் துண்டுப் பிரசுரங்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது வல்லுறவுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்ற குழுவில் 5.2 சதவீதம், பெறாத குழுவில் 9.8 சதவீதம். பயிற்சியில் கத்தி இல்லை. தெரிந்த ஆணிடமிருந்து வரும் ஆபத்தை முன்கூட்டி அடையாளம் காண்பது, அவனை எதிர்ப்பதற்குத் தடையாக மனதுக்குள் எழும் தயக்கத்தைக் கடப்பது, வாயாலும் உடலாலும் எதிர்ப்பது, தனக்கு என்ன வேண்டும் என்று தனக்கே தெரிந்து வைத்திருப்பது. இவ்வளவுதான். 'அவர் மனசு கஷ்டப்படுமே' என்பதைவிட 'எனக்கு இது வேண்டாம்' என்பது பெரிது என்று ஒருத்திக்குச் சொல்லித்தர 12 மணி நேரம் ஆகிறது. நாம் பதினெட்டு வருடம் அதற்கு நேர்மாறானதைச் சொல்லித்தருகிறோம். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே, வந்தவர்களைச் சிரித்த முகமாக வரவேற்று உட்கார வை, மாமா மடியில் போய் உட்காரு. பிறகு கடைசி நாளில் பெட்டியோடு ஒரு கத்தியையும் கொடுத்து அனுப்புகிறோம்.

அதிலும் ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அந்த 5.2 சதவீதத்தில் உள்ளவர்களும் பயிற்சி பெற்றவர்கள்தான். அவர்கள் சரியாகக் கற்கவில்லை என்று அர்த்தமில்லை. கத்தி வைத்திருந்தும் எடுக்காதவள், கம்பு தெரிந்தும் உறைந்து நின்றவள், தவறிழைத்தவள் அல்ல. தற்காப்பு அவள் உரிமை. அவளைத் தாக்காமலிருப்பது அவனுடைய கடமை. இந்த இரண்டும் இடம் மாறினால், காவல் நிலையத்தில் அவளைக் கேட்கும் முதல் கேள்வி 'பையில் கத்தி இருந்ததே, ஏன் எடுக்கவில்லை?' என்பதாக இருக்கும்.

பிச்சுவாவை அக்கா மகளிடம் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. யாரைக் குத்தணும் சித்தி?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு விளையாட்டாகப் பதில் வரவில்லை. அந்தக் கல்யாண வீட்டுக் கதையை முதல்முறையாகச் சொன்னேன். அக்கா அடுப்படியில்தான் இருந்தாள். குழாயை மூடும் சத்தம் கேட்டது. அவள் நடுவில் வரவில்லை.

முழுவதையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: "அவரு இன்னும் நம்ம வீட்டுக்கு வர்றாரா?"

வருகிறார். பொங்கலுக்கு வருகிறார், காதுகுத்துக்கு வருகிறார். எழுபது வயதாகிவிட்டது. பிள்ளைகள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிறார்கள். இவளும் வாங்கியிருக்கிறாள். நான் அந்த நேரங்களில் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். முப்பது ஆண்டுகளில் எனக்குத் தெரிந்த தற்காப்பு அது.

பிச்சுவாவுக்குக் கூலி 600 ரூபாய். பட்டை, கரி, பிடி எல்லாம் சேர்த்து. ஒரு உறவைப் பார்த்து 'இனி இந்த வாசல் ஏறாதே' என்று சொல்வதற்கு அதைவிட எவ்வளவோ அதிகம் ஆகும். மண்டபத்தில் நாலு பேர் கேட்பார்கள், பங்காளிகள் முறைத்துக்கொள்வார்கள், பழைய கதையை ஏன் கிளறுகிறாய் என்று சொந்த அம்மாவே சொல்வாள். அந்த விலையைக் கொடுக்க மனமில்லாத குடும்பம்தான் மகளுக்குக் கத்தி வாங்குகிறது. அக்கா அன்பில்லாதவள் இல்லை. அந்த அன்புக்குத் தெரிந்த மிக மலிவான வழி அது.

கத்தியை அவளிடமிருந்து நான் திரும்ப வாங்கவில்லை. "இது உன் உரிமை, வச்சுக்கோ. எடுக்கணும்னு கட்டாயம் இல்லை. எடுக்காம இருந்தாலும் தப்பு உன்மேல இல்லை. எதுவா இருந்தாலும் ராத்திரி ரெண்டு மணிக்கும் எனக்குப் போன் பண்ணு" என்றேன். தலையாட்டினாள்.

அடுத்த மாதம் அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழா. அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை அக்கா ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். நான்காவது வரியில் அவர் பெயர் இருக்கிறது. அதைக் காட்டி, "அவர் வந்தா நான் வர மாட்டேன். ஏன்னு கேக்கிறவங்களுக்கு நானே காரணத்தைச் சொல்லுவேன்" என்றேன். என் குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. அக்கா நோட்டை மூடினாள். இன்னும் பதில் சொல்லவில்லை. பத்திரிகை அச்சுக்குப் போக இரண்டு வாரம் இருக்கிறது.